ஜில்லாவிலேயே முதல் விரல்

‘அப்லோடு’ என்ற சொல் காதில் விழுந்தாலே தாட்சாயணிக்கு மூக்கு சுருங்கிவிடும். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மூத்த மகள், வயது இருபத்து மூன்று. திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். கடைசிப் பருவம் படித்துக்கொண்டிருந்தாள். வாய்த்துடுக்கு பிறவியிலேயே வந்தது. "இவ வாயை வாடகைக்கு வுட்டா நாலு தறி வாங்கிப் போடலாம்" என்று பெற்ற நைனாவே சொல்லுவார்.

அவள் மூக்கு சுருங்கக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கல்லூரியில் ‘கல்வியில் தொழில்நுட்பம்’ என்று ஒரு பாடம். சுலோச்சனா மேடம் நடத்தினார். நடத்தினார் என்றால், புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழும் எழுத்தை, உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் கண் இருக்கிறது என்பதையே மறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்தார். கரும்பலகையின் காலம் முடிந்துவிட்டது என்பது அன்றைய பாடம். பாதியில் கரண்ட் போயிற்று. "சரி, கரண்ட் வந்தா மேல பாக்கலாம். எல்லாரும் கேன்டீனுக்குப் போய்ட்டு வாங்க" என்று மேடம் எழுந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது, சாக்பீஸ் இருந்தது, எதிரே நாற்பது பேர் இருந்தார்கள். பாடம் மட்டும் எங்கேயோ கம்பியில் மாட்டிக்கொண்டுவிட்டது. தாட்சாயணி கேன்டீனில் போய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

‘கல்வியில் தொழில்நுட்பத்தின் பங்கு: வருங்கால ஆசிரியரின் சிந்தனைகள்’ என்று அந்தப் பாடத்துக்கு ஒரு கட்டுரை உண்டு. இருபது மார்க். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி பிரேமலதா தலைப்பை மட்டும் போனுக்குச் சொன்னாள். அவள் தலை பின்னி முடிப்பதற்குள் சிந்தனைகள் வந்து இறங்கிவிட்டன. வகுப்பில் பதினெட்டுப் பேருக்கு ஒரே சிந்தனை. பதினெட்டும் ‘இன்றைய வேகமான உலகில்’ என்று தொடங்கி ‘என்பதில் ஐயமில்லை’ என்று முடிந்தன. படிக்காமலேயே மார்க் போட்டார்கள் போலிருக்கிறது, எல்லோருக்கும் பதினாறு. தாட்சாயணி மட்டும் கொடுக்கவில்லை. பயிற்சிக்குப் போய் நிஜப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று வாய்தா வாங்கிக்கொண்டாள். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தாள். ‘மெஷின் கேள்வி கேட்கும். பதில் சொல்லுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்காது’ என்று ஒரு நாள் எழுதினாள். எழுதிவிட்டுத் தானே மூன்று தரம் படித்து ரசித்தாள். தன் எழுத்தின் மேல் அவளுக்குக் கொஞ்சம் மோகம் உண்டு.

பயிற்சிக்குக் கிடைத்தது நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு கிராமத்துத் தமிழ் வழிப் பள்ளி. அறுபது நாள். முடிவில் தலைமையாசிரியர் நூற்றுக்கு இவ்வளவு என்று பதிவேட்டில் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் பி.எட். இல்லை. பி.எட். இல்லையென்றால் அரசாங்க வாத்தியார் வேலைக்கான தேர்வை எழுதவே முடியாது. வீட்டில் இவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள், இரண்டு தறி. ஆகவே அந்தக் கையெழுத்தின் அருமை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கையெழுத்துக்குச் சொந்தக்காரர் நாராயணசாமி சார். பாவம், கெட்ட மனிதரில்லை. ஏழு வகுப்பு, இரண்டே ஆசிரியர். காலையில் வந்ததும் தன் முகத்தைப் போனுக்குக் காட்டி வருகை பதிவார். பிறகு பிள்ளைகள் வருகை, பிறகு கழிவறைப் படம், பிறகு சத்துணவு முட்டையின் படம். "முட்டைய ஃபோட்டோ புடிக்கணும், கக்கூச ஃபோட்டோ புடிக்கணும். மாத்திப் போட்டுட்டா சித்தூர் ஜில்லா ஆபீஸ்லேர்ந்து போன் வரும்மா" என்று முதல் நாளே அழாத குறையாகச் சொன்னார். பெரிய வகுப்பில் ஒரு தொடுதிரைப் பலகை இருந்தது. மேலே படுக்கை விரிப்பு, விரிப்பின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே வாத்தியார் சூளூர்பேட்டைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாராம். போனில் கேட்கக் கூடாதா என்றால், அவருக்கும் சாருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். அடக் கடவுளே, தொழில்நுட்பமே!

ஆனால் அந்தப் பள்ளிக்கும் ஒரு பெருமை இருந்தது. பிள்ளைகள் தினம் தேர்வு எழுதுவதற்கென்று ஏதோ ஒரு கம்பெனி ஒரு செயலியை இலவசமாகக் கொடுத்திருந்தது. ஒரு கேள்வி, ஒரு படம், கீழே நான்கு கட்டம். சரியான கட்டத்தைத் தொட்டால் பச்சை விழும், மணி அடிக்கும், நட்சத்திரம் கொட்டும். தவறென்றால் சிவப்பு. மாலை நான்கு மணிக்குள் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பதிலும் போய்ச் சேர வேண்டும். இருப்பதோ ஒரே டேப். சிக்னல் கிடைப்பதோ ஊர்க்கோடித் தண்ணீர் டேங்க் அடியில் மட்டும். நாற்பத்திரண்டு பேரை வரிசையாக நிறுத்தித் தொடச் சொன்னால் மறுநாள் பொழுது விடிந்துவிடும். அதனால் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிள்ளை தொடும்.

அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பு காவ்யா. தினமும் மூன்று மணிக்கு டேப்பைத் தூக்கிக்கொண்டு டேங்க் அடிக்குப் போவாள். விரல் பறக்கும். எல்லாருடைய கணக்கையும் முடித்தபின், மணிச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு, செயலியில் தனக்கென்று இருந்த எண்ணில் மறுபடியும் மறுபடியும் தொட்டுக்கொண்டிருப்பாள். வகுப்பில் அவளுக்கு ‘கம்ப்யூட்டர்’ என்றே பெயர்.

இரண்டாம் வாரம் தாட்சாயணி அவளைக் கூப்பிட்டுப் பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். காவ்யா கணீரென்று வாசித்தாள், மூச்சு விடாமல். திறந்திருந்த பக்கம் வேறு, அவள் சொன்ன பாடம் வேறு. தாட்சாயணி கரும்பலகையில் ‘மரம்’ என்று எழுதினாள்.

"இதைப் படி பாக்கலாம்."

பெண் எழுத்தைப் பார்த்தாள். பலகையின் நாலு மூலையையும் பார்த்தாள். "படம் இல்லியா டீச்சர்?" என்று கேட்டாள்.

தோண்டித் துருவி விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. காவ்யா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நோய்க்காலம், பள்ளி பூட்டிக் கிடந்தது. பாடம் போனில் வரும் என்றார்கள். அவள் வீட்டில் போன் இல்லை. திறந்தபோது அவள் அடுத்த வகுப்பு, பிறகு அதற்கடுத்த வகுப்பு. அட்சரம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. செயலியில் கேள்விகள் மாதம் முழுவதும் சுற்றிச் சுற்றி அதேதான் வரும். கட்டமும் இடம் மாறாது. மாம்பழப் படம் வந்தால் மேலே வலப்பக்கம், மேகம் வந்தால் கீழே இடப்பக்கம் என்று ஐந்நூறு படத்துக்கு மனப்பாடம். இவ்வளவு மூளை உள்ள பிள்ளைக்கு ‘அ’ தெரியாது. தாட்சாயணி நேரே சாரிடம் போய் நின்றாள்.

"சார், காவ்யாவுக்குப் படிக்க வராது."

நாராயணசாமி சார் முட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்க வரலன்னா இன்னாம்மா, தொட வருதில்ல? அந்தே, அவ்ளோதான். நம்ம இஸ்கூலு எப்பவும் பச்சையில கீது. அதக் கெடுத்துடாதம்மா, தல்லி."

அன்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினாள். ‘கிளிகூட வாய் திறந்து ஒரு சொல் சொல்லும்’ என்று தொடங்கி, சாரை, செயலியை, கம்பெனியை, சுலோச்சனா மேடத்தை எல்லாம் ஒரு பிடி பிடித்தாள். பிரேமலதாவுக்குப் போனில் படித்துக் காட்டி, "எப்டி கீது?" என்று கேட்டுப் பாராட்டும் வாங்கிக்கொண்டாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் இடி இறங்கியது. சித்தூரிலிருந்து போன். சரியான பதில் அதிகம் தந்த பிள்ளை என்று ஜில்லாவிலேயே காவ்யாவின் எண் முதலாவதாக வந்திருக்கிறதாம். அறுபதாம் நாள் சித்தூரில் விழா. பெரிய ஆபீசர்கள் முன்னால் மேடையில் பெரிய திரையில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிக்காட்ட வேண்டும். மெடல், சான்றிதழ், டேப். சாருக்கு முதலில் ஆனந்தத்தில் வாய் காது வரை போயிற்று. பிறகு வியர்த்தது. கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், யாருக்கும் மானக்கேடு வேண்டாம் என்று அந்தப் பத்துக் கேள்வியையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் எல்லாம் புதுக் கேள்வி, படமில்லாத கேள்வி. எழுத்து மட்டும்.

"தாட்சாயணி, நீயாச்சு, அந்தப் பொண்ணாச்சு. பத்து நாள்" என்றார்.

தாட்சாயணி அந்தப் பத்து நாளை ஆசையோடுதான் வாங்கிக்கொண்டாள். முதல் மூன்று நாள் அட்சரம். காவ்யா பஞ்சு போலப் பிடித்துக்கொண்டாள். ‘மரம்’ வந்தது, ‘படம்’ வந்தது. மூன்றாம் நாள் மாலை சத்துணவுக் கூடத்துச் சுவரில் எழுதியிருந்த ‘பருப்பு’ என்பதைத் தட்டுத் தடுமாறித் தானே கூட்டிப் படித்துவிட்டு, அங்கேயே குதித்தாள். தாட்சாயணிக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்காம் நாள் சார் வந்து சோதனை பார்த்தார். பத்தில் இரண்டு. அதுவும் குருட்டாம்போக்கு. மனிதர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பருப்பு படிக்கறதுக்காம்மா சித்தூருக்குக் கூட்டிகினு போறோம்? அங்க மேடையில முழிச்சா, நாப்பத்திரெண்டு பேர் கதையும் தோண்டுவானுங்க. எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம் கீது. உனுக்கு மார்க்கு எங்கையில கீது. யோசிச்சுக்கோ."

தாட்சாயணி யோசித்தாள். ஒரு ராத்திரி கூட ஆகவில்லை, பேருந்து நகரி வந்து சேர்வதற்குள் யோசித்து முடித்துவிட்டாள். விழா முடியட்டும், அப்புறம் அட்சரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். விழா நாள்தான் தன் பயிற்சியின் கடைசி நாள் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் சாக்பீஸால் நான்கு பெரிய கட்டம் போட்டாள். பாண்டி ஆட்டம்! ஒவ்வொரு கேள்வியின் முதல் எழுத்தும் என்ன வடிவம் என்று மட்டும் காட்டுவாள்: கொக்கி மாதிரி, சுழி மாதிரி, குடை மாதிரி. கொக்கி என்றால் காவ்யா ஒற்றைக் காலில் நொண்டி மேலே சோத்தாங்கைக் கட்டத்தில் குதிக்க வேண்டும். சுழி என்றால் கீழே பீச்சாங்கை. குதிக்கக் குதிக்கப் பாட்டு வேறு. பாட்டும் தாட்சாயணியே கட்டினாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டினார்கள். இரண்டே நாளில் பத்துக்குப் பத்து. எழுத்து என்பது அந்தப் பெண்ணுக்கு இப்போது சத்தமில்லாத வெறும் கொக்கியும் குடையும் ஆயிற்று. ‘பருப்பு’ மறந்து போயிற்று.

இதைக் கேளுங்கள். சார் அந்தப் பாண்டியைப் படம் பிடித்து அப்லோடு செய்தார். சுலோச்சனா மேடம் பார்த்துவிட்டுப் போன் போட்டு, "எக்சலண்ட்! விளையாட்டு வழிக் கற்றல்! உன் கட்டுரைல இதையே எழுதிடும்மா" என்றார். ஊரையே எள்ளி நகையாடிய தாட்சாயணி என்ன செய்தாள் தெரியுமா? வெட்கத்தில் சிவந்து, "தேங்க்யூ மேடம்" என்றாள். அந்த வீடியோவை அன்று பன்னிரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

விழா சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மாம்பழக்கூழ் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள். மேடையில் திரை மூன்று தரம் உயிரை விட்டு நான்காம் தரம் பிழைத்தது. கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர் அதையும் புன்னகையோடு ஒரு சாதனை மாதிரியே அறிவித்தார். காவ்யா பச்சைப் பாவாடை சட்டையில் மேடையேறினாள். முதல் கேள்வி வந்தது. அறிவிப்பாளர் அதை வாசித்து முடிப்பதற்குள் அவள் கட்டத்தைத் தொட்டுவிட்டாள். மணி அடித்தது. இரண்டாவது, பாதிக் கேள்வியிலேயே. ஐந்தாவதில் அறிவிப்பாளர் வாசிப்பதையே விட்டுவிட்டார். பெண் தொடும்போதெல்லாம் ஒரு கால் தரையிலிருந்து லேசாக எழும்புவதைத் தாட்சாயணி ஒருத்திதான் பார்த்தாள். முப்பத்தைந்து விநாடியில் பத்துக்குப் பத்து. மண்டபமே எழுந்து கை தட்டிற்று. "கேள்வியப் படிக்கறதுக்கு முன்னயே பதில்! இதுதான் இன்றைய தலைமுறை" என்று பெரிய ஆபீசர் மைக்கில் வியந்தார். ஐயா ஆபீசரே, படிக்காமல் எப்படிப் பதில் வரும் என்று ஒரு நிமிஷம் உம்முடைய புத்திக்குத் தோன்றவில்லையா? தோன்றவில்லை. தாட்சாயணியும் கை தட்டினாள், உள்ளங்கை சிவக்க.

வெளியே தாழ்வாரத்தில் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார்கள். நாராயணசாமி சாருக்கு மனசு நிறைந்திருந்தது. "எடும்மா பதிவேட்ட. தொண்ணூத்தெட்டு போடறேன். நூறே போடுவேன், திருஷ்டி பட்டுடும்" என்று பேனாவைத் திறந்தார். தாட்சாயணி பையிலிருந்து பதிவேட்டை எடுத்து அவர் மடியில் விரித்தாள்.

அப்போதுதான் காவ்யாவின் அம்மா பாப்பாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தறிக் கொட்டகையில் ஏதோ கம்பி தெறித்து வலக்கண்ணில் அடிபட்டு, போன வாரம் வேலூரில் ஆபரேஷன் செய்துகொண்டு மறுநாளே வீடு வந்திருந்தாள். அன்று காலை அங்கே போய்க் கட்டுப் பிரித்துவிட்டு நேரே சித்தூர் பஸ் பிடித்து வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே நீர் வழிந்துகொண்டிருந்தது. விழா முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் மகளைக் கட்டிக்கொண்டு உச்சி முகர்ந்தாள். மெடலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இரண்டு மருந்துக் குப்பியையும் மடித்த தாளையும் எடுத்தாள். வேலூர்த் தாள், தமிழில் அச்சடித்தது.

"இந்தாடி கண்ணு, இதப் படிச்சு சொல்லு. எந்தச் சொட்டு எத்தினி தபா வுடணும்னு இதுல கீதாம்." சாரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "அந்த நர்சம்மா சொல்லத்தான் வந்துச்சு சார். நான்தான் வாணாம்னுட்டேன். எம் பொண்ணு ஜில்லாவுக்கே மொதலு, அவ படிச்சுக்குவா, நீ உன் வேலயப் பாரும்மான்னேன்."

காவ்யா தாளை வாங்கினாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, எந்தத் தயக்கமும் இல்லாமல், தாளின் கீழ்ப்பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். ஒரு கணம் காத்திருந்தாள். தாட்சாயணியின் முகத்தைப் பார்த்தாள், அங்கே பச்சையா சிவப்பா என்று. ஒன்றும் தெரியாமல் போகவே, "ரெண்டும் ரெண்டு ரெண்டு தபா ம்மா" என்றாள்.

"பாத்தீங்களா!" என்றாள் பாப்பாத்தி.

தாட்சாயணி தாளை எட்டிப் படித்தாள். வெள்ளை மூடி, தினம் ஆறு வேளை. சிவப்பு மூடி, இரவு படுக்கும் முன் ஒரே ஒரு சொட்டு. கூடினால் கண்ணுக்கு ஆபத்து. கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சாரும் படித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பேனா பதிவேட்டுக்கு மேலே நின்றது. மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்புறமா தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், இப்போது வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம்.

தாட்சாயணிக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. மெஷின் முகத்தைப் பார்க்காது என்று எழுதியவள் அவள்தான். இத்தனை நாள் இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டம் போட்டவளும் அவள்தான்.

"இல்லம்மா. அப்டி இல்ல" என்றாள். "வெள்ள மூடி ஆறு தபா. செவப்பு, ராத்திரி படுக்கறப்ப ஒரே சொட்டு. காவ்யாவுக்கு... அவளுக்குப் படிக்க வராதும்மா. ஒரு எழுத்து கூட வராது."

நாராயணசாமி சார் பேனாவை மூடினார். மூடும் சத்தம் கேட்டது. பதிவேட்டை அப்படியே பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, கை கழுவப் போகிறவர் மாதிரி எழுந்து போனார்.

பாப்பாத்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். சிவந்த கண்ணையும் நல்ல கண்ணையும் சேர்த்துத் தாட்சாயணியை உற்றுப் பார்த்தாள். கோபமில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"பத்து நாளா உங்ககூடத்தானே டீச்சரம்மா இருந்தா? தெனம் ஊட்டுக்கு வந்து, எங்க டீச்சர் எவ்ளோ நல்லா சொல்லிக்குடுக்கறாங்க தெரியுமான்னு சொல்லிகினே இருந்தாளே. அப்ப நீங்க இன்னாதான் சொல்லிக்குடுத்தீங்க?"